சுவிட்ச் எங்கே இருக்கிறது

கும்பகோணம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. தபால்காரர் கவரை நீட்டிவிட்டு, "கையால எழுதின லெட்டரா சார், அதிசயமா இருக்கு" என்றார். அவர் கையில் இருந்த மற்றதெல்லாம் பேங்க் நோட்டீஸ்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். கமலாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது ரசத்தில் மிதக்கிற கடுகைக்கூட எண்ணுகிறாள்; நான் ஷேவ் செய்யாமல் விட்ட இடமெல்லாம் தெரிகிறதாம். பேத்தி ஒன்பதாவது படிக்கிறாள். நம் தியேட்டரை இடித்த இடத்தில் கல்யாண மண்டபம் வருகிறது என்றேன் அல்லவா, அஸ்திவாரத்தோடு நிற்கிறது. மழைக்காலத்தில் அதில் தண்ணீர் தேங்கித் தவளை கத்துகிறது. நாம் படம் ஓட்டிய கேபின் இருந்த மூலையில் ஒரு எருக்கஞ்செடி.

உன் வாசற்படிக் கதையைப் படித்ததும் முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. நாலரை மணிக்குப் பால் வாங்கப் போனவன், சொந்தப் பையன் வீட்டு வாசலில் பால் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஏழு மணி வரை உட்கார்ந்திருந்திருக்கிறாய். விரல் ரேகை பார்த்துத் திறக்கிற பூட்டாம். லேத்தில் முப்பது வருஷம் இரும்பைத் தேய்த்த கையில் ரேகை எங்கே மிச்சம் இருக்கும்? ரேஷன் கடையிலேயே உன் விரலை நாலு தரம் துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்கிறார்களாமே. இங்கே பூட்டு உன்னை நம்பவில்லை, பத்துத் தரம் முயன்றதும் கோபித்துக்கொண்டது, கடைசியில் பேட்டரி தீர்ந்து செத்தும் போயிற்று. அதற்கான இரும்புச் சாவி உன் மகனின் ஆபீஸ் பைக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது.

கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி போட்டிருந்தாய். "நாம பார்த்த இங்கிலீஷ் படத்துல எல்லாம் மிஷின் துப்பாக்கி தூக்கிட்டு வரும். இது கதவைத் திறக்க மாட்டேங்குது, அவ்வளவுதான். இதை ஏன்டா ஒருத்தனும் படமா எடுக்கல?"

எடுத்திருக்கிறார்கள். 1968-லேயே எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை டிவியில் ஏதோ சந்தா கட்டிக் கொடுத்திருக்கிறார். தூக்கம் வராத ராத்திரிகளில் இந்த மாதிரிப் படங்களாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டான்லி குப்ரிக் எடுத்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'. வியாழன் கிரகத்துக்குப் போகிற விண்கப்பலை நடத்துவது ஹால் 9000 என்கிற கம்ப்யூட்டர். ஒரு சிவப்புக் கண், ஒரு சாந்தமான குரல், அவ்வளவுதான் அதற்கு உடம்பு. வெளியே போன விண்வெளி வீரன் டேவ் திரும்பி வந்து கதவைத் திறக்கச் சொல்கிறான். மன்னிக்கணும், என்னால் முடியாது என்கிறது ஹால். கத்தவில்லை, மிரட்டவில்லை. லீவு நாளில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற கிளார்க் மாதிரி சொல்கிறது. ஹெல்மெட்டைக்கூட எடுத்து வராமல் வெளியே போனவன் நிலைமையை நினைத்துப் பார். உன் மடியில் பால் பாக்கெட், அவனுக்கு மூச்சே இல்லை. மற்றபடி ஒரே கதைதான்.

அதற்கு முன்னால் ஒரு இடம். ஹாலை நிறுத்திவிடலாமா என்று இரண்டு பேர் ஒரு சின்ன ஓடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார்கள். சத்தம் வெளியே போகாது. ஆனால் கண்ணாடி வழியாக ஹால் அவர்கள் உதட்டைப் படித்துக்கொண்டிருக்கிறது. ஒரு உதடு, அப்புறம் இன்னொரு உதடு, திரும்ப முதல் உதடு. அந்த இடத்தில் இன்டர்வெல் விடுகிறார் குப்ரிக். நம்மூரில் எத்தனை இன்டர்வெல் ஓட்டியிருப்போம், இப்படி ஒரு இடத்தில் லைட்டைப் போட்டிருக்கிறோமா? கடலை வாங்கப் போகிறவன் கால் நடுங்கியிருக்கும்.

டேவ் எப்படியோ கையால் திறக்கிற அவசர வழியாக உள்ளே வந்துவிடுகிறான். அப்புறம் அந்தச் சிவப்பு அறை. கையில் ஸ்க்ரூடிரைவர் மாதிரி ஒன்று. கண்ணாடிக் கட்டிகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் திருகித் திருகி வெளியே இழுக்கிறான். ஹாலின் குரல் இழுத்துக்கொண்டே போகிறது. வோல்டேஜ் குறைந்தால் நம் ரெக்கார்டில் டி.எம்.எஸ். குரல் கரகரத்து ஆழமாகப் போகுமே, அதே மாதிரி. கடைசியில் 'டெய்சி பெல்' என்று ஒரு பழைய பாட்டைப் பாடியபடி அணைகிறது. 1961-இல் அமெரிக்காவில் பெல் லாப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு நிஜக் கம்ப்யூட்டரைப் பாட வைத்தபோது அது பாடியதும் இதே பாட்டுதான்.

நான் அந்தக் காட்சியை இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தேன். ஹால் பாவம் என்பதற்காக இல்லை. அந்த ஸ்க்ரூடிரைவருக்காக.

யோசித்துப் பார், எல்லாப் படத்திலும் இது இருக்கிறது. 1984-இல் வந்த 'தி டெர்மினேட்டர்'. நீயும் நானும் காலைக் காட்சிக்குப் போய் வசனம் ஒன்றும் புரியாமல் கதை முழுக்கப் புரிந்துகொண்டு வந்தோமே. கடைசியில் அந்தப் பெண் ஃபேக்டரிக்குள் தவழ்ந்து போய் ஒரு பட்டனை அழுத்துகிறாள், பிரஸ் இறங்கி நசுக்குகிறது. 'எந்திரன்' சிட்டி, கோர்ட் சொன்னதும் தன்னைத்தானே கழற்றி வைக்கிறது. மிஷின் எவ்வளவு பெரிதானாலும், எவ்வளவு கெட்டுப் போனாலும், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சுவிட்ச், ஒரு திருகு. ஹீரோ அங்கே போய்ச் சேர்வதுதான் கிளைமாக்ஸ். சினிமாக்காரர்கள் நமக்குச் சொல்லி வந்த பெரிய பொய் இதுதான் என்று நினைக்கிறேன். பயமுறுத்தியது பொய்யில்லை, ஆறுதல்தான் பொய்.

இது எனக்கு எப்போது உறைத்தது தெரியுமா? நீ 88-இல் கோயமுத்தூர் போய்விட்டாய். அதற்கப்புறம் கேபினில் நடந்தது உனக்குத் தெரியாது.

நம் காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். 2000 அடி ரீல், 22 நிமிஷம். இரண்டு ப்ரொஜெக்டர். திரையின் வலது மேல் மூலையில் முதல் பொட்டு விழுந்ததும் நீ மோட்டாரை ஓட்டுவாய். இரண்டாவது பொட்டுக்கு நான் மாற்றுவேன். கீழே இருக்கிறவனுக்கு ரீல் மாறியதே தெரியாது. விளக்காக எரிகிற கார்பன் குச்சி தேயத் தேய நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், மறந்தால் எம்.ஜி.ஆர். முகம் மஞ்சளாகும், தரை டிக்கெட்டில் விசில் பறக்கும். ஃபிலிம் அறுந்தால்? பிளேடால் சுரண்டி, ஃபிலிம் ஒட்டுகிற சிமெண்ட் தடவி, அழுத்திப் பிடித்து, பத்து எண்ணி, மாட்டி ஓட்டிவிடுவோம். இரண்டு நிமிஷம். அதற்குள் நம் அம்மா, அக்கா எல்லோரையும் ஜனங்கள் விசாரித்து முடித்திருப்பார்கள்.

'எந்திரன்' 2010 அக்டோபரில் வந்தபோதும் நம்மிடம் ரீல்தான். நான் ஓட்டிய கடைசிப் பெரிய ரீல் படம் அது. அப்புறம் டிஜிட்டல் வந்தது. படம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பூட்டி வரும். அதைத் திறக்க ஒரு சாவி, கே.டி.எம். என்பார்கள். இரும்புச் சாவி இல்லை, மெயிலில் வருகிற சின்ன ஃபைல். எந்தத் தியேட்டர், அங்கே படத்தை ஓட்டுகிற எந்தப் பெட்டி, எந்தத் தேதி எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எல்லாம் அதற்குள்ளேயே எழுதியிருக்கும். நம் சாவி பக்கத்துத் தியேட்டருக்கு உதவாது. முன்பெல்லாம் "படப்பெட்டி வரல" என்போம், இப்போது "கீ வரல" என்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2018 நவம்பர் 29, '2.0' ரிலீஸ். காலைக் காட்சி. அதற்கு ஒரு வாரம் முன்னால் இடி விழுந்து எங்கள் பெட்டி போய்விட்டது. வேறு பெட்டி மாட்டியிருந்தோம். புதுப் பெட்டியின் நம்பரை எழுதி அனுப்ப வேண்டும். எங்கள் ஆபீஸில் மறந்துவிட்டார்கள். சாவி வந்தது, செத்துப்போன பெட்டிக்கு. தியேட்டர் நிறைந்துவிட்டது, வாசலில் பாலாபிஷேகம், பட்டாசு. நான் கேபினில் பெட்டிக்கு முன்னால் நிற்கிறேன். சின்னத் திரையில் இங்கிலீஷில் ஒரு வரி. என் மேஜை டிராயரில் ஸ்க்ரூடிரைவர், ஸ்ப்ளைசர், பிளேடு எல்லாம் இருந்தன. எதை எதில் வைக்க? புதுச் சாவி தரவேண்டிய ஆபீஸுக்கு மேனேஜர் போன் போட்டார். தமிழுக்கு ஒன்றை அழுத்தவும் என்றது. அழுத்தினார். எல்லா ஊழியர்களும் வேறு அழைப்பில் இருக்கிறார்களாம். வீணை வாசித்தார்கள்.

கீழே சத்தம் ஆரம்பித்தது. நானே இறங்கிப் போய்ச் சொன்னேன், சாவி வரலைப்பா என்று. ஒரு பையன், "எந்த ரூம் சாவி அண்ணே, உடைச்சிடலாம்" என்றான். அவன் கிண்டல் பண்ணவில்லை, சுந்தரம். நிஜமாகவே உதவி செய்ய வந்தான். அவனிடம் நான் என்ன சொல்ல? உடைப்பதற்குக்கூட இந்த ஊரில் ஒன்றும் இல்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்துச் சாவி வந்தது. படம் ஓடியது. அதில் ஊரில் இருக்கிறவன் கையிலிருந்த செல்போனெல்லாம் பறந்து போகிறது. போன் இல்லாமல் ஜனங்கள் தவிக்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் போனைத் தூக்கிப் பிடித்து எங்களைப் படம் எடுத்த கூட்டம் அதைப் பார்த்துக் கைதட்டியது. நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைய தினத்தை அப்படியே காட்டுகிற படம் ஒன்றுதான் எனக்குக் கிடைத்தது. 'வெஸ்ட்வேர்ல்ட்', 1973. மைக்கேல் கிரைட்டன் எழுதி இயக்கியது. பணக்காரர்கள் காசு கட்டி கௌபாய் ஊருக்குப் போய் ரோபோக்களைச் சுட்டு விளையாடுகிற பொழுதுபோக்குப் பூங்கா. 'டென் கமாண்ட்மென்ட்ஸ்' படத்தில் ஃபாரோவாக வந்த மொட்டைத்தலை யூல் பிரின்னர்தான் கறுப்புச் சட்டை ரோபோ. அவர் துரத்துகிற காட்சிகளை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியம் நடுவில் வருகிற ஒரு மீட்டிங். ரோபோக்கள் கோளாறு பண்ண ஆரம்பித்ததும் அதிகாரிகள் கூடிப் பேசுகிறார்கள். தலைமை அதிகாரி சொல்கிறார்: இதில் சிலவற்றை வடிவமைத்ததே வேறு கம்ப்யூட்டர்கள், இவை எப்படி வேலை செய்கின்றன என்று நமக்கே சரியாகத் தெரியாது. சொல்லிவிட்டு என்ன செய்தார்கள்? பூங்காவைத் திறந்துதான் வைத்திருந்தார்கள்.

கடைசியில் கரண்டைத் துண்டிக்கிறார்கள். சினிமா வழக்கப்படி அத்தோடு முடிய வேண்டும். முடியவில்லை. ரோபோக்களுக்கு உள்ளே மிச்சக் கரண்ட் இருக்கிறது, அவை நடக்கின்றன. கண்ட்ரோல் ரூம் கதவுதான் கரண்ட் இல்லாமல் பூட்டிக்கொள்கிறது. திறக்க முடியவில்லை, காற்றும் வரவில்லை. அத்தனை பட்டனுக்கும் நடுவில் உட்கார்ந்தபடியே மூச்சுமுட்டிச் செத்துப்போகிறார்கள். சுவிட்சும் கதவும் ஒரே ஒயரில் இருந்தால் இதுதான் கதி என்று அந்த மனுஷன் ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே எடுத்து வைத்திருக்கிறார். உன் மகனிடம் காட்டு. ரோபோ படம் என்று சொல், பார்ப்பான்.

பேத்தியோடு உட்கார்ந்து 'வால்-ஈ' பார்த்தேன், 2008-இல் வந்த கார்ட்டூன். மனுஷர்கள் 700 வருஷமாக விண்கப்பலில் நாற்காலியிலேயே மிதந்துகொண்டு நடக்கவே மறந்துபோனார்கள். அந்தக் குண்டு மனுஷர்களைக் காட்டிச் சிரிக்க வைக்கிற பகுதி எனக்குப் பிடிக்கவில்லை. நாற்காலியைச் செய்தவனை விட்டுவிட்டு உட்கார்ந்தவனைக் கேலி பண்ணுகிற மாதிரி இருந்தது. ஆனால் குப்பை அள்ளுகிற அந்தச் சின்ன ரோபோவை மறக்க முடியாது. தன் சக்கரப் பட்டை தேய்ந்தால், செத்துக் கிடக்கிற இன்னொரு ரோபோவிடமிருந்து கழற்றி மாட்டிக்கொள்கிறது. வீடியோ கேசட்டைப் போட்டுப் பழைய பாட்டுப் பார்க்கிறது. அசல் ஆபரேட்டர்! கடைசியில் கப்பல் கேப்டன் தள்ளாடி எழுந்து நின்று, கப்பலை ஓட்டுகிற மிஷினின் சுவிட்சைத் திருப்புகிறார். "இத்தனை வருஷமா அங்கதான இருந்துச்சு, முன்னாடியே போட்டிருக்கலாம்ல தாத்தா" என்றாள் பேத்தி. எழுந்து நின்றால்தான் எட்டும் என்றேன். போனைப் பார்த்தபடியே தலையாட்டினாள். நானும் யோக்கியன் இல்லை. போன மாதம் போன் ரிப்பேரானபோது கமலாவின் நம்பரே எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். ரோபோ என்கிற வார்த்தை செக் நாட்டில் காரல் சாபெக் 1920-இல் எழுதிய நாடகத்திலிருந்து வந்தது. 'ரோபோட்டா' என்றால் பண்ணையாருக்குக் கூலியில்லாமல் செய்கிற வேலை. சோழர் கல்வெட்டில் 'வெட்டி' என்று வருமே, அதேதான். நியாயமாகப் பார்த்தால் 'இயந்திர மனிதன்' என்பதைவிட 'வெட்டி ஆள்' என்பதுதான் சரியான தமிழ். சினிமா இதை மறக்கவே விடவில்லை, அதுவும் தெரியாமலே. 1927-இல் 'மெட்ரோபோலிஸ்' படத்து இயந்திரப் பெண்ணின் கூட்டுக்குள் பிரிகிட்டே ஹெல்ம் என்கிற நடிகை. 2019-இல் மலையாளத்தில் வந்த 'ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன்' ரோபோவுக்குள் சூரஜ் தெலக்காடு என்கிற சின்ன உருவ நடிகர். வேட்டி கட்டிக்கொண்டு கிழவருக்குத் துணையாக நடக்கிற அந்த மிஷினுக்குள் ஒரு ஆள் வியர்த்துக்கொண்டிருந்தான்.

நம் வேலையும் அதுதானே. கீழே இருந்தவனுக்குப் படம் தானாக ஓடியது. ஓடினால் ஹீரோ, நின்றால் ஆபரேட்டர். ஆனால் திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்தான். அன்றைக்கு அந்தப் பையன் என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' ஞாபகம் இருக்கிறதா, சாப்பாடு ஊட்டுகிற மிஷின்? சோளக்கதிர் மூக்கில் சுற்றுகிற காட்சிக்கு நாம் வயிறு வலிக்கச் சிரித்தோம். இந்தத் தரம் வேறொன்றைக் கவனித்தேன். மிஷினை விற்க வருகிறவர்கள் வாயே திறப்பதில்லை. ஒரு கிராமபோன் ரெக்கார்டைப் போடுகிறார்கள், அது பேசுகிறது. 1936-இலேயே "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்"! முதலாளி கடைசியில் வேண்டாம் என்கிறார். சாப்ளின் முகம் நாறியதற்காக இல்லை. நடைமுறைக்கு ஒத்துவராதாம்.

சரி, உன் இன்னொரு விஷயம். உன் ரூமில் கேமரா வைக்கப் போகிறான் மகன், ஆபீஸிலிருந்தே அப்பா எப்படி இருக்கிறார் என்று பார்க்கலாமாம். உனக்குக் கூச்சமாக இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லவும் சங்கடம். 'ரோபோ அண்ட் ஃபிராங்க்' என்று 2012-இல் ஒரு சின்னப் படம். ஞாபக மறதி வந்த ஒரு கிழவர், பழைய திருடர். வாரா வாரம் காரோட்டி வந்து பார்க்க முடியாத மகன் ஒரு ரோபோவைக் கொண்டுவந்து விடுகிறான். முதலில் சண்டை. அப்புறம் கிழவர் அதற்குப் பூட்டுத் திறக்கக் கற்றுக்கொடுத்து இரண்டு பேருமாகத் திருடப் போகிறார்கள். கடைசியில் போலீஸ் நெருங்கும்போது, சாட்சி இல்லாமல் போக, என் ஞாபகத்தை அழித்துவிடுங்கள் என்று ரோபோவே சொல்கிறது. சுவிட்ச் அவர் கைக்குக் கீழேயேதான் இருக்கிறது. அவரால் அழுத்த முடியவில்லை. ஞாபகம் போவது என்றால் என்ன என்று அந்த வீட்டில் அவருக்குத்தானே தெரியும். அழுத்துகிறபோது அது அவர் மேலேயே சாய்கிறது.

அதைப் பார்த்த பிறகு உன் மகன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவனுக்கும் பயம்தான், நீ வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பயந்துபோய்த்தான் கேமரா என்கிறான். வைக்கட்டும். ஆனால் அதன் சுவிட்ச் உன் கட்டில் பக்கத்தில், நீ எட்டுகிற உயரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடு. நீ அணைத்தால் அணைய வேண்டும். அதற்கு அவன் ஒத்துக்கொள்ளாவிட்டால் எனக்கு எழுது, நான் பேசுகிறேன். சின்ன வயதில் கேபினுக்குள் வந்து ரீல் துண்டுக்கு அழுதவன்தானே, என் பேச்சைக் கேட்பான்.

பூட்டு விஷயத்துக்கு ஒரு வழி விசாரித்து வைத்திருக்கிறேன். எங்கள் தெரு எலக்ட்ரிகல் கடைப் பையன் இந்த மாதிரிப் பூட்டுகள் மாட்டுகிறான். பலவற்றில் கைப்பிடிக்கு அடியில், குனிந்து பார்த்தால்தான் தெரியும், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன உலோகப் பொட்டு இருக்குமாம். உள்ளே பேட்டரி தீர்ந்துபோனால், சதுரமாக இருக்குமே அந்த 9 வோல்ட் பேட்டரி, அதை அந்த இரண்டு பொட்டிலும் ஒட்டிப் பிடித்தால் பூட்டுக்கு உயிர் வரும், நம்பர் போட்டுத் திறக்கலாம். உன்னுடையதில் இருக்கிறதா என்று தடவிப் பார். இருந்தால் பேட்டரி ஒன்று வாங்கி எப்போதும் சட்டைப் பையில் வைத்துக்கொள். விரல் போதும் என்று விடாதே, நம்பரும் போட்டுத் தரச் சொல். அந்த இரும்புச் சாவிக்கு ஒரு டூப்ளிகேட் போட்டு எதிர்வீட்டில் கொடுத்து வை.

இரண்டு பொட்டு என்று அவன் சொன்னதும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. முதல் பொட்டுக்கு மோட்டாரை ஓட்டாமல் முறுக்குத் தின்றுகொண்டிருந்தாயே ஒரு நாள், அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பொங்கலுக்கு வருவாய்தானே? முழங்கால் தாங்கினால் பஸ், இல்லாவிட்டால் ஜன் சதாப்தியில் ஏறு. கமலா அதிரசத்துக்கு இப்போதே வெல்லம் பார்த்து வைக்கச் சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
கதிரேசன்